யோருனுக்கு முன்னால் வந்தவள்

"நீ வீட்டுக்குள்ளதான் இருக்க. என்கிட்ட விளையாடாத."

"எந்த வீட்டுக்குள்ள? நான் கார்ல உக்காந்து—"

"கதவு திறந்த சத்தம் கேட்டுச்சு யோருன். பூட்ஸ தரையில தட்டுன சத்தம் கேட்டுச்சு. நீ தொண்டையைக் கனைச்சது கூட—"

"ஏண்டி சிக்னே, உனக்கென்ன கிறுக்கா? கணவாய் கேட்டு மூடித்தான் கிடக்கு. என் மூஞ்சிக்கு நேரா செவப்பு விளக்கு எரியுது. நான் எப்படி அங்க—"

"அப்ப தோர்டிஸ் கூடப் பேசிக்கிட்டிருக்கறது யாரு?"



கார் வைப்பரின் சத்தம் மட்டும் கேட்டது. சரக்... சரக்... சரக்...

நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. ஆனால் இது நடந்தது. நடக்கும்போது நான் தூங்கி வழியவில்லை, குடிக்கவில்லை, காய்ச்சலிலும் இல்லை. மேசைக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். வலது காதில் என் கைபேசி. அதில் யோருன். இடது காதில் அலாரம் லைன். அதிலும் யோருன்.

நார்வேயின் மேற்குக் கரையில், கடல் மலைகளுக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும் ஒரு பகுதி எங்களுடையது. தனியாக வாழும் வயதானவர்கள் மணிக்கட்டில் ஒரு பொத்தான் கட்டியிருப்பார்கள். அதை அழுத்தினால் சுகாதார மையத்தில் என் மேசையில் விளக்கு எரியும். அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி இருக்கும். அதன் வழியாக நான் பேசுவேன். அவர்கள் பேசுவதும் வீட்டில் எழும் சத்தமும் எனக்குக் கேட்கும். என்ன தேவையென்று கேட்டு யோருனை அனுப்புவேன். இரவு நர்ஸ் அவள். விடியும் வரை காரில் வீடு வீடாகப் போவாள்.

நான் குரல். அவள் கை. பதினெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. வெறும் குரலை வைத்துக்கொண்டு யாரையும் தரையிலிருந்து தூக்க முடியாது என்பது அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது.

அது ஜனவரி. சாயங்காலத்திலிருந்தே புயல். இரவு 1:40-க்கு விளக்கு எரிந்தது. தோர்டிஸின் வீடு. மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம், கடல்வாயின் கடைசியில் ஒற்றையாக நிற்கும் வீடு. அவளுக்கு வயது எண்பத்தெட்டு.

"யாரு, சிக்னேவா?"

"ஆமா. என்ன ஆச்சு தோர்டிஸ்?"

"சமையலறையில கிடக்கேன். தண்ணி குடிக்க வந்தேன், இடுப்புல ஏதோ டக்குன்னு முறிஞ்ச மாதிரி இருந்துச்சு. மகாராணி மாதிரி மல்லாந்து படுத்திருக்கேன். எந்திரிக்கத்தான் முடியல."

"வலி இருக்கா?"

"அசையாம இருந்தா இல்ல."

"குளிருதா?"

"அடுப்பு அணைஞ்சிக்கிட்டு வருது. நான் வெறும் நைட்டியில கிடக்கேன். கேக்குற கேள்வியப் பாரு."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி. பழைய மரவீடு. அடுப்பு அணைந்தால் சமையலறைத் தரை வெளித் தரை போலவே ஆகிவிடும். விடிவதற்குள் யாராவது போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் தோர்டிஸ் இருக்கமாட்டாள். அன்றைக்கு என் முன்னால் இருந்தது அது ஒன்றுதான்.

எல்லோரையும் கூப்பிட்டேன். ஹெலிகாப்டர்காரர்கள், இந்தக் காற்றில் ஏறினால் எங்களை யார் பொறுக்குவது என்றார்கள். படகு போனாலும் அந்தத் துறையில் அணைய முடியாது. பக்கத்து வீடுகளெல்லாம் கோடையில் மட்டும் ஆள் வருகிற வீடுகள். பூட்டிக் கிடந்தன. ஆம்புலன்ஸும் கணவாய்க்கு இந்தப் பக்கம்தான். யோருன் அதற்குள் கிளம்பிப் போய், பனி நேரத்தில் கணவாய் ரோட்டை மறிக்கும் கேட்டருகே நின்றுவிட்டாள். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஒட்வார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"மேல பனி தொங்குது சிக்னே. எந்த நேரமும் சரியும். வெளிச்சம் வராம கேட்டைத் தூக்கமாட்டேன். எங்கம்மா அங்க கிடந்தாலும் தூக்கமாட்டேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கொடுமை. ஒருவர்மேலும் கோபப்பட முடியாத இரவு அது.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது? விரலை மடக்குங்கள் என்றேன். கன்னத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தூங்காமல் இருக்க அவள் வளர்த்த ஆடுகளின் பேரையெல்லாம் சொல்லச் சொன்னேன்.

"கருப்பி. கோணக்கொம்பு. அப்புறம் அந்தத் திமிர் பிடிச்சது... அதுக்கு உன் பேரைத்தான் வச்சேன்."

"சந்தோஷம்."

"நல்லாப் பால் குடுத்துச்சு, குறை சொல்லக் கூடாது..."

அவள் வார்த்தைகள் குழற ஆரம்பித்திருந்தன.

2:40. லைனில் கதவு திறக்கும் சத்தம்.

காற்று உள்ளே புகுந்தது. கதவு மூடியது. பூட்ஸைத் தரையில் தட்டும் சத்தம். கோட்டைக் கொக்கியில் மாட்டும் சத்தம். அந்தக் கனைப்பு.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டாள். நன்றி சொல்லத்தான் கைபேசியை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

முதலில் சொன்ன சண்டை அப்போது நடந்தது.

"அவ பேசுறது உனக்குக் கேக்கணுமா? இந்தா, கேளு." கைபேசியை அலாரம் ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்தேன்.

இடப்பக்கமிருந்து மெதுவாக அந்தக் குரல் வந்தது. "இந்தாங்க... மெல்ல... இடுப்ப அசைக்காதீங்க கண்ணு. நான் பாத்துக்கறேன்."

தோர்டிஸ் முனகினாள். பிறகு கம்பளி உதறும் சத்தம்.

கைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன். வைப்பர் சத்தம். 

"சிக்னே."

"சொல்லு."

"அது நான்."

"உன்ன மாதிரியே—"

"மாதிரி இல்ல. நான்தான். எண்பது வயசுக் கிழவியக் 'கண்ணு'ன்னு வேற யாரு கூப்பிடுவா?"

பிறகு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அடச்சீ. இதுக்கா இப்படிப் பயந்தோம்? என் வார்டேகர் அதுடி."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. சிலருக்கு அவர்கள் வந்து சேருவதற்கு முன்னாலேயே அவர்களுடைய சத்தம் வந்துவிடும். காலடி, சாவி, கோட்டு மாட்டுவது எல்லாம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஆள் இருக்கமாட்டார். பத்து நிமிஷம் கழித்து நிஜ ஆள் வந்து அதே சத்தங்களைத் திரும்பச் செய்வார். அதற்குத்தான் வார்டேகர் என்று பேர். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கேட்டதும் பயப்படமாட்டார்கள். காபிக்குத் தண்ணீர் வைப்பார்கள். யோருனுக்கு அது ரொம்ப உண்டு. பாதிக் கிழவிகள் அவள் வருவதற்குள் காபி ஊற்றி வைத்திருப்பார்கள். ரெண்டு ஆள் சம்பளம் கேளுடி என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

ஆனால்...

"அது பேசறது கிடையாதே யோருன். இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது பேசியிருக்கா?"

"இன்னிக்கு அவசரம். அதுக்கும் தெரிஞ்சிருக்கு."

"விளையாட்டா இது?"

"நீயே சொல்லு. அது வந்து, நான் வராமப் போனது ஒரு நாளாச்சும் உண்டா?"

இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

"அப்புறம் என்ன? என் சத்தம் போய்ச் சேந்தாச்சு. அப்படின்னா நானும் போய்ச் சேருவேன். வழி இருக்குன்னுதான் அர்த்தம்."

இந்த மலைகளுக்கு நடுவே பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒரு நொடி நானும் நினைத்தேன். அடுத்த நொடி கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காற்று கைபேசிக்குள் ஊளையிட்டது.

"எங்க இறங்குற?"

"கேட்டத் தூக்கப்போறேன்."

"ஒட்வார் சொன்னது காதுல விழலையா? பனி தொங்குதாம். ஏய்—"

"ஒட்வார் விடிஞ்சாத்தான் வருவான். தோர்டிஸ் விடியற வரைக்கும் தாங்குவாங்களா? நீ சொல்லு. தாங்குவாங்கன்னு சொல்லு, நின்னுடறேன்."

என்னால் சொல்ல முடியவில்லை.

"அங்க ஒருத்தி பாத்துக்கிட்டுதான இருக்கா!" என்று கத்தினேன். என் வாயில் அது வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

"அது சத்தம்டி. சத்தம் எப்படிக் கம்பளி போத்தும்?"

"யோருன், வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்—"

"காபி போடச் சொல்லு அவங்கள." மறுபடி சிரிப்பு. எஞ்சின் உறுமியது.

கேட்டைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. 2:48-க்கு லைன் போனது.

ஒட்வாரைக் கூப்பிட்டேன். அவன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வண்டியை எடுக்க ஓடினான். எனக்கு இனிமேல் செய்ய எதுவும் இல்லை. இடது காது மட்டும்தான் மிச்சம்.

"சிக்னே... இருக்கியா?"

"இருக்கேன் தோர்டிஸ்."

"இவ அடுப்புல கட்ட போட்டுட்டா. ஆட்டுத்தோலை அடியில விரிச்சுட்டா. வலிக்கவே இல்ல. கெட்டிக்காரி."

அடுப்பின் இரும்புக் கதவு கிறீச்சிடுவது எனக்கும் கேட்டது.

"அவ முகம் தெரியுதா உங்களுக்கு?"

"கண்ணாடி போடலையே. குரல் தெரியுது, போதாதா?" என்றாள். "கைதான் ஜில்லுனு இருக்கு இவளுக்கு."

 யோருன் யாரையும் குளிர்ந்த கையால் தொடமாட்டாள். வாசலில் நின்று உள்ளங்கைகளைத் தேய்த்து, ஊதி, சூடாக்கிக்கொண்டுதான் உள்ளேயே வருவாள். புது நர்ஸ்களுக்கு ஊசி போடக் கற்றுத்தருவதற்கு முன்னால் அதைத்தான் கற்றுத்தருவாள்.

அந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வேணுமா என்றது. காலை மூடியாச்சு என்றது. இன்னும் கொஞ்ச நேரம்தான் கண்ணு, இதோ—

அங்கே நின்றது.

வார்த்தை பாதியில்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 3:11.

"ஏம்மா, திடீர்னு பேச மாட்டேங்குற?" இது தோர்டிஸ்.



"என்ன ஆச்சு தோர்டிஸ்?"

"தெரியல. இவ தலையெல்லாம்... பனியா இருக்கு. என் நெத்தியில சொட்டுது."

"வெளிய போயிட்டு வந்தாளா?"

"எங்கயும் போகலையே. என் கையப் புடிச்சுக்கிட்டேதான் இருந்தா. இப்பவும் புடிச்சிருக்கா."

சொட்... சொட்... எனக்கும் கேட்டது.

பிறகு ஒரு புதுச் சத்தம்.

சர்... சர்... சர்...

"அது என்ன சத்தம்?"

"கையத் தேய்க்கறா."

சர்... சர்... சர்...

"சூடாகவே மாட்டேங்குது. பாவம். தேய்ச்சுக்கிட்டே இருக்கா."

நான் மைக்கருகே குனிந்தேன். 

"யோருன்... நீயா?"

தேய்ப்பது நின்றது.

அந்த அறையில் யாரோ என் பக்கம் திரும்புவதுபோல இருந்தது. எப்படிச் சொல்வேன்... பெட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு மூச்சு. ஈர மூச்சு. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு விடுகிற மாதிரி.

பேசவில்லை.

பேச முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

சர்... சர்... மறுபடி ஆரம்பித்தது.

கையை உதறுங்கள் என்று தோர்டிஸிடம் சொல்லலாமா? வாய்வரை வந்தது. சொல்லிவிட்டு? அவளிடம் அந்தக் கையைத் தவிர வேறு கை இல்லை. என்னிடமும் இல்லை.

"தோர்டிஸ்... பயமா இருக்கா?"

"எதுக்குப் பயம்? ஆள் இருக்கே."

அதற்குப் பிறகு அவள் தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வந்தது. நான் தூங்கவில்லை. விடியும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம்கூட அது ஓயவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு லைனில் கதவு இடிக்கும் சத்தம். ஒட்வாரின் குரல்.

"உள்ள சங்கிலி போட்டிருக்கு! ஒடைக்கறேன்!"

மரம் பிளந்தது. அந்த நொடியில் தேய்க்கும் சத்தம் இல்லாமல் போனது.

"சிக்னே! கேக்குதா? உயிரோட இருக்காங்க! கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கறாங்க. அடுப்பு கூட எரியுது!"

"யோருன்?"

"யோருனா? வழி நெடுகப் பாத்துட்டே வந்தேன். கார் எங்கயும் இல்ல. இங்க வந்துட்டாளா?"

"நீதான சொன்ன... சங்கிலி உள்ள போட்டிருக்குன்னு."

அறுந்த சங்கிலியை ஒட்வார் எடுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் மத்தியானம் காரைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது வளைவில், வீடு உயரத்துக்குப் பனி. ஒட்வார் அதற்கு மேலேயே வண்டியை ஓட்டிப் போயிருந்தான். சரிந்த பனி கணவாயின் மின்கம்பத்தையும் சாய்த்திருந்தது. அதனால் நேரம் துல்லியமாகத் தெரிந்தது. மின்சாரக்காரர்கள் சொன்னார்கள். 3:11.

ஒட்வார்தான் அவளை வெளியே எடுத்தான். அடக்கத்தன்று தேவாலயத்துக்கு வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"டாக்டர் சொல்றாரு, மூச்சு உடனே நின்னிருக்குமாம். வாய் பூரா பனி. ஒண்ணும் தெரிஞ்சிருக்காதாம்."

"சரி."

"அப்ப அவ கை ஏன் அப்படி இருந்துச்சு?"

"எப்படி?"

"கையுறை சீட்டுல கிடந்துச்சு. ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிஞ்சு, செவந்து... எதையும் தோண்டல சிக்னே. நகத்துல ஒண்ணுமே இல்ல. தேய்ச்ச மாதிரி. மணிக்கணக்கா தேய்ச்ச மாதிரி."

நான் அவனிடம் எதையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதையும் சொல்லவில்லை. இடுப்பு முறிந்த ஒரு ஆளைத் தூக்கி, அடியில் ஆட்டுத்தோல் விரிக்க ரெண்டு பேர் வேண்டும், யார் செய்தது என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

தோர்டிஸை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம், கடைசி அறை. போய்ப் பார்த்தேன்.

"யோருன் ஏன் வர்றதில்ல? அன்னிக்கு அப்படிப் பாத்துக்கிட்டாளே. நன்றி கூட சொல்லல நான்."

"லீவுல இருக்கா" என்றேன். உண்மையைச் சொன்னால் தோர்டிஸின் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வந்தா எங்கிட்ட அனுப்பு. மறந்துடாத."

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். காற்றே இல்லை. கணவாய் திறந்திருந்தது. இரவு முழுக்க யாரும் கூப்பிடவில்லை.

2:50-க்கு என் மேசையில் விளக்கு எரிந்தது.

தோர்டிஸின் வீடு.

அந்த வீட்டில் ஆள் இல்லை. உடைந்த கதவுக்குப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். அவள் கட்டியிருந்த பொத்தான் என் பின்னாலிருந்த அலமாரியில் கிடந்தது. சுவர்ப் பெட்டியைக் கழற்ற இன்னும் ஆள் போகவில்லை, அவ்வளவுதான்.

பழக்க தோஷம். கை தானாக லைனைத் திறந்துவிட்டது.

நிசப்தம்.

ஒரு பலகை முனகியது. அறை அறையாக யாரோ நடந்தார்கள். மெதுவாக. ஒவ்வொரு கதவாகத் திறந்து... நின்று... மூடி...

பதினெட்டு வருஷமாகத் தெரிந்த உண்மை ஒன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் சத்தம் வரும்.

பின்னால் ஆள் வரும்.

எவ்வளவு தாமதமானாலும்.

காலடி சமையலறைக்கு வந்தது. பெட்டிக்கு எதிரே நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். லைனைத் துண்டிக்கும் பொத்தான் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. விரல் அசையவில்லை.

அவள் வாயிலிருந்து எதையோ துப்பினாள். பிறகு தெளிவாக, என்றைக்கும் பேசுகிற மாதிரியே கேட்டாள்.

"சிக்னே... நீ லைன்லதான் இருக்கன்னு தெரியும்டி. அவங்கள எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"